பொட்டு வைத்த படங்கள்

கொண்டையராஜு வரைந்த கஜலட்சுமி எங்கள் வீட்டில் மூன்று இடங்களில் இருக்கிறாள். பூஜை அறையில் ஒருத்தி, கூடத்தில் ஒருத்தி, என் பீரோவில் இரண்டு காகிதங்களுக்கு இடையே படுத்திருப்பவள் ஒருத்தி. மூன்றும் ஒரே ஓவியத்தின் அச்சுகள். அதே தாமரை, அதே யானைகள், எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும் அதே கண்கள். பீரோவில் இருப்பவள் ஒருநாளும் சுவர் ஏறாதவள். மடிப்பு இல்லை, ஆணி ஓட்டை இல்லை, நிறம் துளியும் குறையவில்லை. கூடத்தில் இருப்பவள் சாத்தூர்ப் பக்கம் ஒரு பருத்தி வியாபாரி வீட்டிலிருந்து வந்தவள். ஓரங்கள் பொடிந்து, அடுப்புப் புகை ஏறி, வானம் பழுப்பாகிவிட்டது. பூஜை அறையில் இருப்பவளுக்குக் குங்குமம் அப்பி அப்பி நெற்றியே தெரியாது. விற்கப் போனால் பீரோவில் இருப்பவளுக்குத்தான் விலை. எனக்கு மற்ற இருவரும்தான் உசத்தி.

விருதுநகரில் அப்பாவுக்கு மளிகைக்கடை. ஆடிப் பதினெட்டு கழிந்ததும் சிவகாசியிலிருந்து காலண்டர் ஏஜென்ட் வந்துவிடுவார். அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது சிவகாசிக்காரர்களின் வழக்கம், இன்றும் அப்படித்தான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கனத்த ஆல்பத்தை விரித்து வைத்து அப்பா ஒவ்வொரு படமாகப் புரட்டுவார். முருகன், மீனாட்சி, ராஜராஜேஸ்வரி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதினா, காந்தி, நேரு, கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் குழந்தை. எந்த வாடிக்கையாளர் வீட்டுக்கு எந்தப் படம் என்று அவருக்கு மனக்கணக்கு உண்டு. பாய் வீடுகளுக்கு மெக்கா, மாதா கோயில் தெருவுக்கு வேளாங்கண்ணி, மொத்தமாகச் சரக்கு எடுப்பவர்களுக்குத் தகரப்பட்டை அடித்த பெரிய லட்சுமி. "முகத்தைப் பாரு தாயி. முகம் லட்சணமா இருந்தாத்தான் வருசம் முடிஞ்சாலும் கழட்ட மாட்டாங்க. கீழ நம்ம கடைப் பேரும் கூடவே இருக்கும்" என்பார். படம் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்தக் கல்லாவடியில்தான்.

அப்பா சொன்னது உண்மை. தை பிறந்தும் எங்கள் தெருவில் பழைய காலண்டரை யாரும் எறிய மாட்டார்கள். சாமிப் படத்தை எப்படிக் குப்பையில் போடுவது? தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் கத்தரித்துக் கண்ணாடி போடுவார்கள். அதற்கு வசதி இல்லாதவர்கள் மைதாப் பசை தடவி நேராகச் சுவரில் ஒட்டுவார்கள். சுவரிலும் இடம் இல்லையென்றால் அரசமரத்துப் பிள்ளையார் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். எனக்குப் படப் பைத்தியம் என்று தெரிந்த பிறகு, பிள்ளையாருக்குப் போகவேண்டியவை எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. கூடவே தீப்பெட்டிப் படங்கள். பையன்கள் அவற்றைப் பணயமாக வைத்து விளையாடுவார்கள். நான் பழைய கணக்குப் புத்தகத்தில் ஒட்டி வைப்பேன். கப்பல், சிறுத்தையோடு மல்லுக்கட்டும் மனிதன், மயில், சாவி, கிளி.

தீப்பெட்டிதான் சிவகாசிக்கு அச்சுத் தொழிலையே கொண்டுவந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். தொழில் பரவப் பரவ, ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த லித்தோ அச்சு பிறகு பட்டாசு உறைக்கும் காலண்டருக்கும் போயிற்று. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவரும் கடையில் "கப்பல் குடு" என்று கேட்டு வாங்கும்படி படம் இருக்க வேண்டும். இரண்டு விரல் அகலத் தாளில், தூரத்திலிருந்து பார்த்தாலும் சட்டென்று பிடிபடும்படி ஒரு உருவத்தை வரைந்த அந்த ஓவியர்களின் பெயர் எந்த லேபிளிலும் இல்லை. பெரிய கான்வாஸ் நிறைய நிறத்தை வாரி இறைத்தவர்களைவிட அவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

கல்யாணமாகிச் சிவகாசிக்கே போனேன். கணவர் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். ஒரு வேலையை மெஷினில் ஏற்றினால், நிறம் சரியாக வந்து நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை நிறையத் தாள் ஓட்ட வேண்டும். அதற்கு நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். முந்தைய வேலையின் கழிவுத் தாள்களையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அப்படி ஓடிய வேஸ்ட் தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த ஊரில் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவது அதில்தான்.

என்னிடம் இன்னும் இருக்கும் ஒரு தாளைச் சொல்கிறேன். அடியில் பெரிய முகத்தோடு பாலமுருகன். அவன்மேல் வரிசை வரிசையாகக் குருவி வெடி லேபிள், ஒவ்வொன்றிலும் சிறகு விரித்த குருவி. அதன்மேல் தலைகீழாக ஒரு ஊதுபத்தி உறை. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் மட்டும் அச்சாகிய ஏதோ ஒரு சினிமாப் போஸ்டரின் பெண் முகம். முருகனின் கண்கள் மட்டும் குருவிகளுக்கு நடுவே தப்பித்து வெளியே பார்க்கின்றன. யாரும் திட்டமிடாத படம். அதில் நோட்டுக்கு அட்டை போட எனக்கு மனம் வரவில்லை; மடிக்காமல் எடுத்துவைத்தேன். "வேஸ்ட்ட போய் பத்திரப்படுத்துறியே" என்றார் அவர். ஆனால் அதன்பிறகு நல்ல வேஸ்டாகப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவர ஆரம்பித்தார்.

அச்சைப் பார்க்கும் லென்ஸ் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதைப் படத்தின்மேல் வைத்துக் குனிந்தால் முகம் மறைந்துபோகும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் மட்டும் சின்னச் சின்னப் பூக்கோலங்களாகத் தெரியும். பழைய லித்தோ அச்சில் அந்த ஒழுங்கு இருக்காது. அது கல்லில் போட்ட அச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு கல். மணல் தூவினாற்போலச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு படம் எந்தக் காலத்தது என்று இன்றும் நான் முதலில் பார்ப்பது லென்ஸ் வழியாகத்தான்.

மகள் சென்னையில் எழும்பூர் பக்கத்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்தாள். விடுமுறைக்கு வரும்போது பாப் ஆர்ட் பற்றிய கனமான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, "அம்மா, நீ இத்தனை வருசமா சேர்க்கிறதுக்கு அங்க என்ன பேர்னு பாரு" என்றாள். ராய் லிச்டென்ஸ்டைன் 1961இல் வரைந்த மிக்கி மவுஸ் படம் அதில் இருந்தது. அச்சுப் புள்ளிகளைத் தூரிகையால் பெரிதாக்கி வரைந்திருந்தார். நாய்க்கு முடி சீவும் பிளாஸ்டிக் பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து அந்தப் புள்ளிகளைப் போட்டாராம். என் கணவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளி தெரியக் கூடாதுன்னுதான் நாங்க ராப்பகலா மெஷின்ல நிக்கிறோம். இவரு அதையே படமாக்கிட்டாரே" என்றார். அந்தப் புத்தகத்தில் அவருக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

எனக்குப் பிடித்தது வேறு. ரிச்சர்ட் ஹாமில்டன் 1956இல் லண்டன் ஒயிட்சேப்பல் கேலரி கண்காட்சிக்காகச் செய்த ஒட்டுப்படம். பத்திரிகைகளில் வெட்டிய துண்டுகளால் ஒரு வீட்டுக் கூடத்தை உருவாக்கியிருந்தார். உடற்பயிற்சி செய்த ஆண், சோபாவில் ஒரு பெண், டேப் ரெக்கார்டர், டெலிவிஷன், மேசைமேல் இறைச்சி டின். சுவரில், பழங்கால உருவப்படம் ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மலிவான அச்சு ஒன்று வீட்டுக் கூடத்தில் படமாகத் தொங்குவது அங்கே ஒரு புதுமை. எங்கள் தெருவில் அதைத்தவிர வேறு படமே கிடையாது.

அடுத்த வருஷம் ஹாமில்டன் ஒரு கடிதத்தில் பாப் ஆர்ட்டின் குணங்களை வரிசையாக எழுதினார். வெகுமக்களுக்கானது, விலை மலிவு, மொத்தமாக உற்பத்தியாவது, இளமையானது, கவர்ச்சியானது என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: சீக்கிரம் மறக்கப்படுவது, தேவை தீர்ந்ததும் கழித்துக்கட்டத் தக்கது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல நான் சிவகாசியை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே பொருந்தியது, அந்த ஒன்றைத் தவிர. எங்கள் காலண்டர் லட்சக்கணக்கில் அச்சாகும், இலவசமாக வரும், கடை விளம்பரம்தான் அதன் வேலை. ஆனால் கழித்துக்கட்ட முடியாது. டிசம்பர் 31உடன் அதன் ஆயுள் முடிய வேண்டும் என்று வியாபாரக் கணக்கு சொல்லும். வாங்கிக்கொண்டு போனவர்கள் விடமாட்டார்கள். என் சேகரிப்பு முழுவதும் அந்த மறுப்பிலிருந்து வந்ததுதான்.

கோவில்பட்டி எங்களுக்குப் பக்கம். கொண்டையராஜு அங்கே வந்தது ஒரு நாடகக் கம்பெனியோடு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், அதாவது என் மகள் படித்த அதே இடம். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்சகாலம் இருந்தார். பிறகு நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதினார். 1940களில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கித் தேவி ஆர்ட் ஸ்டுடியோவைத் தொடங்கினார். போட்டோ எடுப்பது ஒருபக்கம், காலண்டருக்கு வரைவது ஒருபக்கம். சீடர்கள் கூட இருந்து வரைந்தார்கள். பல படங்களில் அவர் கையெழுத்தோடு டி.எஸ். சுப்பையாவின் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். பேர் போட்டுக்கொள்ளும் விஷயத்தில் இவ்வளவு தாராளமான குரு அபூர்வம். 1976இல் காலமானார்.

அவருடைய படங்களோடு வாழ்ந்தால் நாடகத் திரைச்சீலை எங்கே இருக்கிறது என்று தானாகப் பிடிபடும். சாமிக்குப் பின்னால் ஆறு, மலை, மேகம், மண்டபம் என்று தூரம் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பின்னணி மேடைக்கானது. முன்னால் சாமி நடிகரைப்போல வெளிச்சத்தில் நேராக நம் பக்கம் திரும்பி நிற்கும். முகத்தின் வழவழப்பு போட்டோவுக்கு டச்சிங் செய்த கைக்குரியது. மீனாட்சி கல்யாணத்தில் பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க, மீனாட்சி தலைகுனிந்து நிற்கிறாள். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில் இருக்கும் அதே காட்சிதான். கல்லில் பார்க்கும்போது கைகூப்பத் தோன்றும். காகிதத்தில் பார்க்கும்போது, பெண்ணைப் பெற்ற வீட்டுக்காரி என்பதால், எனக்குத் தொண்டை அடைக்கும். அவர் வரைந்த மீனாட்சிக்கு நாணத்தோடு பிறந்தவீட்டைப் பிரியும் கலக்கமும் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நானும் கணவரும் போகத் தொடங்கியது அவர் ஓய்வு பெற்றபின். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய சாமான்களெல்லாம் அந்தத் தெருவில்தான் வந்து சேரும். எனாமல் பலகைகள், பிஸ்கட் டின்கள், மங்குப் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களை ஓலியோகிராபாக அச்சிட்டு விற்றவர். அரண்மனைச் சுவரிலிருந்து சாமானியர் சுவருக்கு சாமியை இறக்கிவைத்தவர் அவர்தான். அங்கே நான் வாங்கியது ஒரு சரஸ்வதி. அச்சின்மேல் யாரோ ஒரு பெண் வேலை செய்திருக்கிறாள். புடவை வரைந்த இடத்தில் நிஜப் பட்டுத்துணியைக் கத்தரித்து ஒட்டி, கரைக்குச் சரிகை வைத்து, மாலைக்குச் சின்னஞ்சிறு மணிகளைக் கோத்துத் தைத்திருக்கிறாள். இடது தோளில் தையல் இடமிருந்து வலமாகப் போகிறது, இடக்கைக்காரியாக இருந்திருக்கலாம். வீணையின் தந்திக்கு ஜரிகை இழையை இழுத்துக் கட்டியவள், கடைசித் தந்திக்கு இழை போதாமல் வேறு நூலால் கட்டி முடித்திருக்கிறாள். ரவிவர்மாவின் பெயர் அடியில் அச்சாகியிருக்கிறது. இவள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்தச் சரஸ்வதி இப்போது இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்றே நான் சொல்வேன்.

சேர்ப்பது சுலபம், கூடவே வாழ்வது வேறு. எங்கள் வீட்டுக் கூடத்தில் மேற்கு ஜன்னல் பக்கச் சுவரை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். வெயில் பட்டால் முதலில் மஞ்சளும் சிவப்பும் போகும், நீலம் மட்டும் நிற்கும். டீக்கடை ஒன்றிலிருந்து வந்த முருகன் என்னிடம் முழுக்க நீலமாகவே இருக்கிறான். மயிலும் அவனும் ஒரே நிறம். கண்ணாடி போடும்போது படம் கண்ணாடியைத் தொடாமல் நடுவே அட்டை வைக்கச் சொல்வேன். இல்லையென்றால் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும். செலோடேப் கூடவே கூடாது. கரையானுக்குப் பயந்து சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்கடை இடம் விட்டு மாட்டுகிறேன். ராமபாணப் பூச்சிக்காக வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, நிழலில் காற்றாட வைத்துத் துடைப்பது ஒரு பெரிய வேலை.

இத்தனை கவனத்துக்கும் நடுவில் அத்தை இருந்தார். என் மாமியார். நான் கொண்டுவந்து மாட்டும் ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் ஈரக் கையோடு பொட்டு வைத்துவிடுவார். "ஏம்மா, சாமிய மூளியாவா மாட்டுறது?" என்று கேட்பார். கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடிமேல். போடாதவற்றுக்குக் காகிதத்தின்மேலேயே. எண்ணெய் ஊறினால் காகிதம் கண்ணாடிபோலத் தெளிந்து, பின்னாலிருக்கும் அட்டை தெரியும். அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் பொட்டு வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்ப்பார். என் அப்பா ஆல்பத்தைப் பார்த்ததும் அப்படித்தான். அந்தக் கையை நான் தடுக்கவில்லை. வேஸ்ட் தாள் பாலமுருகனைப் பார்த்துமட்டும் அவர் தயங்கினார். குருவிகளை விலக்கி நெற்றியைத் தேடி, கடைசியில் இரண்டு குருவிகளுக்கு நடுவே வைத்தார். அந்தத் தாள் அன்றைக்குத்தான் பூர்த்தியானது.

சென்னையிலிருந்து படம் வாங்கும் ஒருவர் வந்திருந்தார். பூஜை அறை கஜலட்சுமியைப் பார்த்துவிட்டு, குங்குமத்தை மென்மையான தூரிகையால் எடுத்துவிடலாம், எண்ணெய்க் கறைக்கும் வழி இருக்கிறது, அடியில் அச்சு நன்றாகத்தான் இருக்கும் என்றார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். எடுத்தபின் கிடைப்பது என்ன? பீரோவில் இருக்கிறாளே, அவள்தான் கிடைப்பாள். அவளைத்தான் நான் ஏற்கெனவே வைத்திருக்கிறேனே என்றேன். பீரோவைத் திறந்து காட்டியதும் அவர் விலை சொன்னார். கொடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். மற்ற இருவரை யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

மகள் சொல்லித் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. ஆண்டி வார்ஹோலின் சூப் டின் ஓவியங்கள் 32ஐயும் 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இர்விங் ப்ளம் தம் கேலரியில் காட்சிக்கு வைத்தார். ஒன்று 100 டாலர். ஒருசிலதான் விலைபோயின. எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று தோன்றியதும், விற்றவற்றையும் திரும்ப வாங்கி, மொத்தத்துக்கும் 1,000 டாலர் என்று வார்ஹோலுக்குத் தவணையில் கட்டித் தாமே வைத்துக்கொண்டார். பல வருஷம் அவை அவர் வீட்டுச் சுவரில் இருந்தன. 1996இல்தான் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. தினமும் சாப்பிடும்போதும் நடமாடும்போதும் அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரே, அந்த வருஷங்களைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு ஆசை.

கூடத்து கஜலட்சுமியும் 1962ஆம் வருஷத்துக் காலண்டர்தான். அந்தச் சாத்தூர் வீட்டார் மாதத்தாள்களைக் கிழிக்காமல் மடித்து மேலே செருகியிருந்தார்கள். பென்சிலில் சிறு எழுத்தில் வருஷம் முழுக்கக் குறிப்புகள். மார்ச்சில் பருத்தி விலை. சித்திரைப் பொருட்காட்சிக்குப் போன தேதி. பால் கணக்கு. ஜூலையில், வார்ஹோலின் படங்கள் அங்கே விலைபோகாமல் இருந்த அதே மாதத்தில், "கருப்பி கன்னு போட்டது, கிடாரி". ஆவணியில் "பெரியவளுக்குப் பூ வைத்தாச்சு". அதற்கடுத்த மாதங்களில் எழுத்து மாறிவிடுகிறது. அந்தப் பெரியவள்தான் இதுவரை எழுதிக்கொண்டிருந்தாள் போலும்.

இந்தப் படங்களைக் கோவில்பட்டியில் ஒரு கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று மகள் இப்போது முனைந்திருக்கிறாள். நான் நிபந்தனை போட்டிருக்கிறேன். கஜலட்சுமியின் மாதத்தாள்களை விரித்துவைக்க வேண்டும், படத்தை மட்டும் வெட்டிக் காட்டக் கூடாது. சரிகைச் சரஸ்வதிக்குக் கீழே எழுதும் அட்டையில், பெயர் தெரியாத பெண் என்று ரவிவர்மாவுக்குச் சமமான எழுத்தில் போட வேண்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டாள். மூன்றாவதுக்கு மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒரு குங்குமச் சிமிழ் வேண்டும் என்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வெறும் நெற்றியோடு நிற்கும் சாமியைப் பார்த்துக் கை பரபரத்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். "காகிதம் கெட்டுப் போகும்மா, நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்தது" என்கிறாள். பீரோக்காரியை அங்கே கொண்டுபோய் மாட்டலாம் என்றேன். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.